பூட்டிய காரில் சார்ஜ் இறங்குவது ஏன்? வண்டி தூங்கும்வரை பொறுத்து அளந்தால் தெரியும்

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பூட்டிய கார். திங்கள் காலை எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பினால் அன்றைக்கு முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. அடுத்த திங்கள் மறுபடி அதே கதை. இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம் பேட்டரியை மாற்றுவது. புதுப் பேட்டரியும் இரண்டு மாதத்தில் படுத்த பிறகுதான் ‘எங்கேயோ கரண்ட் லீக் ஆகுது’ என்ற பேச்சே எழும்.

சந்தேகப்பட வேண்டியவர்கள் மூவர். சார்ஜைப் பிடித்து வைக்க முடியாத பேட்டரி, சார்ஜ் ஏற்றாத ஆல்டர்னேட்டர் (பழைய மெக்கானிக்குகள் வாயில் இன்னும் அது டைனமோதான்), வண்டி நிற்கும்போது சத்தமில்லாமல் கரண்ட் குடிக்கும் ஏதோ ஒரு பாகம். முதல் இருவரையும் பத்து நிமிடத்தில் விசாரித்துவிடலாம். மூன்றாமவரைப் பிடிக்கப் பொறுமை வேண்டும், ஏனென்றால் இன்றைய கார் பூட்டியவுடன் தூங்கிவிடுவதில்லை. உள்ளே உள்ள கம்ப்யூட்டர்கள் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். விழித்திருக்கும் வண்டியில் மல்டிமீட்டரை வைத்துவிட்டு ‘லீக் இருக்கு’ என்று தீர்ப்புச் சொல்வதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

முதல் பத்து நிமிடம்

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். நிறைந்த பேட்டரி ஓர் இரவு ஓய்வெடுத்த பின் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். வண்டியை ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் 13 வோல்ட்கூடக் காட்டும். அது பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டுகளின் மேல்பரப்பில் மட்டும் நிற்கும் சார்ஜ், நம்பக்கூடாது. ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளந்தால் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

நின்ற நிலையில் 12.6 காட்டுகிறது என்பதற்காகப் பேட்டரிக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. நம் ஊர் வெப்பத்தில் நல்ல பேட்டரி 10க்கு மேலேயே நிற்கும். 12.6இல் இருந்து நேராக 8க்கு விழுந்தால் லீக் தேடும் வேலையே வேண்டாம், பேட்டரிதான் போயிருக்கிறது. குளிர் தேசத்தார் பேட்டரி போவதற்குப் பனியைக் குறை சொல்வார்கள். உண்மையில் பேட்டரியை அரிப்பது வெப்பம். 10 டிகிரி கூடினால் உள்ளே தட்டுகள் அரிக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. சென்னையிலோ வேலூரிலோ மே மாத வெயிலில், சூடான பானட்டுக்குக் கீழே மூன்று நான்கு கோடை கண்ட பேட்டரி தோற்றுப்போனால் அதில் மர்மம் எதுவும் இல்லை.

அடுத்து சார்ஜிங். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.7 வோல்ட் இருக்க வேண்டும். ஆனால் ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணையும்), மைல்டு ஹைப்ரிட் (என்ஜினுக்கு ஒரு சின்ன மோட்டார் கைகொடுக்கும்) வகை வண்டிகளில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் சுமையைக் குறைக்க 12.6 வரை இறக்கும், காலை எடுத்தால் 15ஐ ஒட்டி ஏற்றும். இது தெரியாமல் 12.7 பார்த்தவுடன் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. இந்த வண்டிகளில் ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்தால் வோல்ட்டேஜ் ஏற வேண்டும். ஏறாவிட்டால்தான் சந்தேகம்.

மீட்டர் கையில் இருக்கும்போதே ஏ.சி. (திசை மாறும் கரண்ட்) வோல்ட்டுக்குத் திருப்பி, என்ஜின் ஓடும் நிலையில் பேட்டரி முனைகளில் ஒரு முறை பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். இந்த டையோடு கதைக்கு மறுபடி வருவோம்.

தூக்கமும் கணக்கும்

பூட்டிய பிறகும் காரில் சில பாகங்கள் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். ரிமோட் சிக்னலைக் கேட்கும் ரிசீவர், திருட்டு அலாரம், கடிகாரம், என்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் இதில் சேரும். மொத்தமாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் (ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இயல்பு.

35 ஆம்பியர்-ஹவர் (ஏறத்தாழ 1 ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரும் கொள்ளளவு) பேட்டரி போட்ட சின்ன கார் என்று வைத்துக்கொள்வோம். 40 மில்லி ஆம்பியர் போனால் நாளுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-ஹவர் செலவு. பாதி காலியாக இரண்டரை வாரம் ஆகும். அதே வண்டியில் 300 மில்லி ஆம்பியர் போனால்? வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரை 60 மணி நேரம், 18 ஆம்பியர்-ஹவர். பேட்டரியில் பாதி போயிற்று. ஏற்கெனவே சற்று வயதான பேட்டரியாக இருந்தால் செல்ஃப் எடுக்காது. முதலில் சொன்ன ‘டக் டக்’குக்கு இந்த 300 மில்லி ஆம்பியர் போதும்.

செல்ஃப் அடிப்பதுதான் பேட்டரியை அதிகம் தின்கிறது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 150 ஆம்பியர் 2 விநாடி இழுத்தால்கூட 0.08 ஆம்பியர்-ஹவர்தான். சாதாரணமாக நிற்கும் வண்டி இரண்டு மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளும் அளவு அது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடும் பழக்கம், வாரம் முழுக்கப் போன 7, 8 ஆம்பியர்-ஹவரைத் திருப்பித் தராது. ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு, பேட்டரியும் நிறைய நிறைய மெதுவாகத்தான் வாங்கும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் பல கார்களில் லீக்கே கிடையாது, ஓட்டம்தான் போதவில்லை.

பூட்டிய உடனே அளந்தால் 2, 3 ஆம்பியர்கூடக் காட்டலாம். எல்லா கம்ப்யூட்டர்களும் அப்போது விழித்திருக்கும். பிறகு படிப்படியாக இறங்கும். சில வண்டிகள் ஐந்து நிமிடத்தில் அடங்கும், பெரும்பாலானவை அரை மணிக்குள் அடங்கும். உயர்விலை ஜெர்மன் வண்டிகள் சில ஒரு மணி நேரம்கூட எடுக்கும். கதவைத் திறந்தால், ரிமோட்டை அழுத்தினால், கீலெஸ் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால், மறுபடி முதலிலிருந்து.

மீட்டரை இணைப்பது

வண்டியை ஏமாற்றுவதிலிருந்து வேலை தொடங்குகிறது. உள்ளே இருக்கும் பியூஸ் பாக்ஸ் மூடியை முன்பே கழற்றுங்கள், ஒரு கண்ணாடியை இறக்கி வையுங்கள். டிரைவர் கதவைத் திறந்தபடி வைத்து, கதவு விளிம்பில் உள்ள லாக்கின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் ‘கிளிக்’ என்று மூடும். கதவு சாத்திவிட்டதாக வண்டி நம்பிக்கொள்ளும். பானட் லாக்கிலும் ஸ்விட்ச் இருந்தால் அதையும் அப்படியே செய்ய வேண்டும். (வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்காமல் கதவை அறைந்தால் லாக் உடையும்.) ரிமோட்டில் பூட்டி, சாவியை ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் வைத்துவிடுங்கள்.

மீட்டரில் 10 ஆம்பியர் ரேஞ்ச், சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில். மில்லி ஆம்பியர் துளையில் குத்தி ஆரம்பித்தால் முதல் நொடியிலேயே மீட்டரின் பியூஸ் போகும். பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிள் கிளாம்புக்கும் இடையில்தான் மீட்டர் வர வேண்டும். ஆனால் கேபிளை அப்படியே கழற்றிவிட்டால் எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் கரண்ட் நின்று, திரும்பக் கொடுக்கும்போது புதிதாக எழும். சிக்கிக்கொண்டு தூங்காமல் இருந்த ஒரு கம்ப்யூட்டர் அந்த அதிர்ச்சியில் சரியாகிவிடவும் செய்யும். குற்றவாளி ஓடிவிட்டான், இனி இரண்டு வாரம் கழித்துத்தான் வருவான். ஆகவே முதலில் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு தடித்த ஒயரைக் கிளிப் போட்டுப் பாலமாக்குங்கள். பிறகு 10 எம்.எம். ஸ்பேனரால் கிளாம்பைத் தளர்த்தி எடுங்கள். மீட்டரைப் பாலத்துக்கு இணையாக இணைத்துவிட்டு, வண்டி தூங்கும்வரை காத்திருந்து, பாலத்தை எடுங்கள். இப்போது மொத்தக் கரண்டும் மீட்டர் வழியே போகும். மீட்டர் மட்டும் இருக்கும் நிலையில் யாராவது செல்ஃப் அடித்தால் மீட்டர் போயிற்று.

டி.சி. (பேட்டரி தரும் ஒரே திசைக் கரண்ட்) அளக்கும் நல்ல கிளாம்ப் மீட்டர் இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம், கேபிளைச் சுற்றிப் பிடித்தால் போதும். சாதாரண கிளாம்ப் மீட்டர்கள் பல ஏ.சி.யை மட்டும் அளக்கும். டி.சி. வகையிலும் 1 மில்லி ஆம்பியர் வரை நுணுக்கமாகக் காட்டுவது வேண்டும், ஒவ்வொரு முறையும் பூஜ்யம் செய்துகொள்ள வேண்டும்.

மீட்டர் சொல்லும் எண்ணைக் கொஞ்சம் வாசிக்கப் பழகினால் தேடல் பாதி குறையும். 400 மில்லி ஆம்பியரை ஒட்டி அசையாமல் நின்றால் அது 5 வாட் பல்பு ஒன்றின் கணக்கு. டிக்கி விளக்கோ குளோவ்பாக்ஸ் விளக்கோ அணையாமல் எரிகிறது. செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள், தெரிந்துவிடும். 150 மில்லி ஆம்பியர் கூடுதலாக நின்றால் ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) அணையாமல் பிடித்தபடியே இருக்கிறது என்று நினைக்கலாம். சாதாரண ரிலேயின் கம்பிச் சுருள் 80 ஓம் அளவில் இருக்கும், 12ஐ 80ஆல் வகுத்தால் அந்த எண் வரும். பியூஸ் பாக்ஸில் ரிலேக்களின் தலைமேல் விரலை வைத்துக்கொண்டே போனால் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். 30இல் இருந்து 300க்குத் தாவி, அடங்கி, சில நொடிகளில் மறுபடி தாவினால் எதுவோ வண்டியைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. அரை ஆம்பியருக்கு மேல் இறங்கவே மறுத்தால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் நெட்வொர்க் முழுவதுமே தூங்கவில்லை.

பியூஸைப் பிடுங்காமல்

பழைய முறையில் ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கி எப்போது கரண்ட் குறைகிறது என்று பார்ப்பார்கள். 1990களின் வண்டிக்கு அது போதும். இன்றைய வண்டியில் பியூஸைத் திரும்பச் செருகும்போதே ஏதோ ஒரு கம்ப்யூட்டர் விழித்து மற்றவற்றையும் எழுப்பும். அரை மணி நேரக் காத்திருப்பு வீண்.

பியூஸ் என்பது கரண்டுக்கு மிகச் சிறிய தடை தரும் ரெசிஸ்டர்தானே. கரண்ட் போனால் அதன் இரு முனைகளுக்கு இடையே சில மில்லிவோல்ட்டோ அதன் பின்னமோ தோன்றும். பிளேடு பியூஸின் முதுகில் இரண்டு குட்டி உலோகப் புள்ளிகள் தெரிகின்றனவே, அவை இதற்கு வசதியாக இருக்கின்றன. மீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி. ரேஞ்சில் வைத்து, கூர்மையான முனைகளை அந்த இரண்டு புள்ளிகளில் தொடுங்கள். 0.0 என்றால் அந்த வழியில் எதுவும் போகவில்லை, அடுத்தது. சிவப்பு நிற 10 ஆம்பியர் பியூஸின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 7.7 மில்லி ஓம். அதில் 0.4 மில்லிவோல்ட் காட்டினால் 50 மில்லி ஆம்பியர் போகிறது. 2.3 காட்டினால் 300, தேடியது அகப்பட்டது. நீல 15 ஆம்பியரில் 4.8 மில்லி ஓம், மஞ்சள் 20 ஆம்பியரில் 3.4. பச்சை 30 ஆம்பியர் பியூஸில் 2 மில்லி ஓம்தான் என்பதால் 0.1 காட்டினாலே 50 மில்லி ஆம்பியர். விலை குறைந்த மீட்டரின் பார்வைக்கு எல்லை அது. பெரிய பியூஸ்களில் 0.1ஐ அலட்சியப்படுத்தக் கூடாது.

பியூஸ் தெரிந்ததும், மூடியில் உள்ள அட்டவணையையோ வயரிங் வரைபடத்தையோ பார்த்து, அந்தப் பியூஸ் எதற்கெல்லாம் போகிறது என்று எழுதிக்கொண்டு, அந்தந்தக் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் செருகி) ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை, அவற்றில் மீட்டர் முனையை நுழைக்க வேண்டாம். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவே வேண்டாம்.

எல்லாப் பியூஸும் 0.0 காட்டுகின்றன, மொத்தக் கரண்ட் மட்டும் குறையவில்லை என்றால், பியூஸ் பாக்ஸுக்குள் வராமல் நேரே பேட்டரிக்குப் போகும் கேபிள்கள் மிச்சம். செல்ஃப் மோட்டாருக்குப் போவது ஒன்று, ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது இன்னொன்று. டையோடு கதை இங்கேதான் வருகிறது. கெட்ட டையோடு வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டருக்குள் கரண்ட்டைத் திருப்பி ஓடவிடும். கிளாம்ப் மீட்டரை அந்தத் தடித்த கேபிளில் போட்டால் தெரியும். சும்மா நிற்கும் வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டர் வெதுவெதுப்பாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நாமே வைத்த திருடர்கள்

கம்பெனி வயரிங்கைக் குறை சொல்லும்முன், பிறகு பொருத்தியவற்றைப் பார்ப்பது நல்லது. முதலிடம் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்கு. அதில் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியில் இருக்க வேண்டும், சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் இருக்க வேண்டும். சாவி லைனைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுவது கடைகளில் சகஜம். திரை அணைந்திருந்தாலும் ஸ்டீரியோ உள்ளுக்குள் விழித்தே இருக்கும். வண்டி நிற்கும்போதும் பதிவுசெய்யும் பார்க்கிங் மோடு டேஷ்கேம் 200 முதல் 400 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். அதன் கட்-ஆஃப் வோல்ட்டேஜ் 11.8 என்று இருந்தால் பேட்டரி காலியான பிறகுதான் அது நிற்கும், 12.4க்கு ஏற்றி வையுங்கள். ஓ.பி.டி. சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகிய புளூடூத் டாங்கிளைக் கழற்றுங்கள், சில வண்டிகளில் அது நெட்வொர்க்கையே தூங்கவிடாது. பயணிகளை ஏற்றும் மஞ்சள் போர்டு வண்டிகளில் ஏ.ஐ.எஸ். 140 டிராக்கர் (வண்டி இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் கருவி) சட்டப்படி பொருத்தியிருந்தால் கழற்ற முடியாது. அதன் ஒயர் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்றாவது பார்க்கலாம். ஃபாஸ்டேகை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அதில் பேட்டரியும் இல்லை, வண்டியோடு ஒயர் தொடர்பும் இல்லை.

இன்னொரு நுணுக்கம். ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்து, போகும் வரும் கரண்டை எண்ணுகிறது. டேஷ்கேமின் எர்த் (நெகட்டிவ்) ஒயரை நேராக அந்த முனையிலேயே முடுக்கினால் அந்தக் கரண்ட் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருப்பதாகவே கம்ப்யூட்டர் நம்பும். எர்த்தை வண்டியின் பாடி உலோகத்தில் எடுக்க வேண்டும், சார்ஜர் போடும்போதும் கறுப்புக் கிளிப்பைப் பாடியிலேயே மாட்ட வேண்டும்.

தண்ணீர், எலி, எர்த்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் பல துடைத்து விற்கப்பட்டன. கப்ளருக்குள் நுழைந்த தண்ணீர் உடனே காட்டிக்கொடுக்காது. மாதங்கள் கழித்துப் பின்களில் பச்சைப் பொடி பூக்கும், அதன் வழியே கரண்ட் ஒரு பின்னிலிருந்து பக்கத்துப் பின்னுக்குக் கசியும். வெள்ளமே வேண்டாம், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தால் முன்சீட்டுக் காலடிக் கம்பளம் ஊறும். அந்தப் பக்கம்தான் பல வண்டிகளில் வயரிங் கட்டுகளும் கப்ளர்களும் இருக்கின்றன. கம்பளத்தைக் கையால் அமுக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எலி கடித்த வயரிங்கைத் தேட என்ஜினுக்குப் பின்சுவர், பேட்டரித் தட்டுக்கு அடி, காற்று வடிகட்டிப் பெட்டி ஆகிய மூன்றையும் பாருங்கள். புழுக்கை கிடந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் எர்த்தைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை உப்பில் அரித்துப்போகும். பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு மீட்டர் முனை, என்ஜின் உலோகத்தில் இன்னொன்று, செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ அழுக்கோ தளர்ச்சியோ இருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கு மினுக்குவதும் எர்த் கெட்டதன் அடையாளம்.

ஸ்கேனர் போட்டால் இறங்கிய பேட்டரி உள்ள வண்டி பத்துப் பதினைந்து கோளாறு எண்களைக் கொட்டும். பி0562 என்றால் வோல்ட்டேஜ் குறைவு. யூ0100, யூ0121 போன்றவை ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றின் பேச்சைக் கேட்க முடியவில்லை என்ற புகார். வோல்ட்டேஜ் விழுந்ததால் எல்லாமே மயங்கிக் கிடந்திருக்கலாம். எண்களை எழுதிவைத்து, அழித்து, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து மறுபடி ஸ்கேன் செய்தால் மிஞ்சுவதுதான் உண்மையான கோளாறு. யூ எண்கள் மிஞ்சினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓ.பி.டி. சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயரான கேன் லைனின் இரு கோடிகளிலும் 120 ஓம் வீதம் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஷார்ட். நடுவே கேட்வே (சாக்கெட்டுக்கும் லைனுக்கும் இடையே நிற்கும் கம்ப்யூட்டர்) உள்ள சில வண்டிகளில் இந்தக் கணக்கு மாறும்.

லீக்கைச் சரிசெய்ததும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். பலமுறை காலியான பேட்டரியின் தட்டுகளில் ஈய சல்பேட் இறுகியிருக்கும், ஆல்டர்னேட்டர் மட்டும் அதை நிரப்பாது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 35 ஆம்பியர்-ஹவருக்கு 3.5 ஆம்பியரில், தானாக நிற்கும் சார்ஜரை இரவு முழுக்கப் போடுங்கள். பிறகு சார்ஜரை எடுத்துவிட்டு ஒரு நாள் நிறுத்தி அளந்தால் 12.5க்கு மேல் நிற்க வேண்டும். லீக் போன பிறகும் 12.2க்கு இறங்கினால் அந்தப் பேட்டரியையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.